தண்ணீருக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடன், வட்டி, வங்கி இணைப்பு பற்றி காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற நமக்கு தோல் தொழிற்சாலையும் கெமிக்கல் கம்பெனியும் புதுசு இல்லை. நம்மில் பல பேர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான். நான் யாரையும் கம்பெனியை மூடச் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் என்ன குடிக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தோல் பதனிட குரோமிய உப்பு வேண்டும். அதற்கான ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை இங்கே சிப்காட்டில் 1970-களில் வந்தது, 1990-களில் மூடிவிட்டார்கள். கம்பெனி போய்விட்டது. ஆனால் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலை மாதிரி அங்கேயே நின்றது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வந்த கதை உங்களில் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று அவ்வளவு தொல்லை தராது. இன்னொன்றை ‘குரோமியம் ஆறு’ என்பார்கள். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், நிலத்தடியில் தூரமாகப் போகும். தோலில் பட்டால் லேசில் ஆறாத புண் வரும். தூசியாக வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிற நேரத்தில் அது இந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். அதனால் ‘தண்ணி தெளிவாத்தானே இருக்கு, ருசியாத்தானே இருக்கு’ என்று சொல்லி நாம் நிம்மதி அடைய முடியாது. ‘கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்’ என்பதும் இங்கே உதவாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் கெட்டியாகும். துணியில் வடிகட்டினாலும் போகாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் குழுப் பெண்களும் அதில் இருக்கிறார்கள், பெருமைதான். ஆனால் அந்தப் பெட்டியில் பார்ப்பது உப்பு, கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மாதிரியானவை. குரோமியமும் ஈயமும் அதில் தெரியாது. பெட்டியில் ‘நல்லது’ என்று வந்ததும் இவை இரண்டும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு ஆய்வகம்தான் வேண்டும்.

அடுத்தது ஈயம். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடங்களிலிருந்து தூசியாகவும் புகையாகவும் வரும். நாம் மாதாமாதம் குழுவில் சேமிப்புக் கட்டுகிறோம் இல்லையா, உடம்பும் ஈயத்தை அப்படித்தான் எலும்பில் சேர்த்து வைக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டி எலும்பு கரையும். அப்போது என்றைக்கோ சேர்ந்த ஈயமும் வெளியே வந்து வயிற்றுக் குழந்தைக்குப் போகும். சின்னப் பிள்ளைகள் உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். படிப்பு ஏறாமல் போவதற்கும், சோகை வருவதற்கும் அது ஒரு காரணமாகலாம். ‘மக்குப் பிள்ளை’ என்று நாம் திட்டுகிற பிள்ளை நோயாளியாக இருக்கக்கூடும், அக்கா.

கேட்டால் என்ன நடக்கும் என்று நினைப்பீர்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001-இல் ஊர் மக்களும் இயக்கத்தினரும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். பதினைந்து வருஷம்! விடாமல் நின்றவர்களுக்குத்தான் அது கிடைத்தது. நம் வேலூர் பகுதித் தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: கெடுத்தவரே செலவு செய்து சரிசெய்ய வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, ஊரில் குடிக்கிற ஒவ்வொரு போர், கிணறு, மேல்நிலைத் தொட்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ‘தண்ணி டெஸ்ட்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். குரோமியம், ஈயம், ஆர்சனிக், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லை என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை பாருங்கள். தேதியோடு நோட்டில் ஏற்றுங்கள்.

இரண்டு, முடிவு வந்ததும் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் நமக்குக் கிராம சபை உண்டு. மாற்றுக் குடிநீர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நகல் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மூன்று, வீட்டுக்குள். வேலைக்குப் போய் வந்தவர் கை, கால், முகம் கழுவி, துணி மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைப் பிள்ளை துணியோடு ஊற வைக்காதீர்கள். தூசியை வறண்ட துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் கொடுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த உடம்பு ஈயத்தைக் குறைவாக உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஈயம் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். ‘விஷத்தை எடுக்கிறேன்’ என்று வருகிறவரின் பொடியை வாங்காதீர்கள்.

‘ஊர்த் தண்ணி கெட்டதுன்னு பேர் வந்தா நம்ம ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பா, நிலம் யாரு வாங்குவா?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான பயம்தான். ஆனால் மூடி வைத்தால் பேர் மட்டும்தான் தப்பும், பிள்ளை தப்பாது. ஒரு பெண் தனியாகக் கேட்டால் வாயாடி என்பார்கள். கூட்டமைப்பு முத்திரை வைத்த மனுவை அப்படித் தள்ளிவிட முடியாது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் இன்றைக்கு வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து கணக்குக் காட்டுகிறோம். ஒரு பைசா விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறோம். அந்தக் கண்ணைக் கொஞ்சம் குடத்தின் பக்கமும் திருப்புவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: நம் ஊர்த் தண்ணீரை எந்தத் தேதியில், யார் எடுத்துக்கொண்டு போவது. பெயரும் தேதியும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.