கடற்காற்றும் அப்பாவின் ஸ்பீக்கரும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ன பேசப் போறே?" என்று விழாக் குழுவினர் கேட்டபோது, "வீட்டு ஸ்பீக்கரைப் பாதுகாப்பது" என்றேன். "ஏம்ப்பா, வேற விஷயமே கிடைக்கலியா?" என்றார் ஒரு சீனியர். அண்ணன் வீடு அம்பத்தூரில், அப்படித்தான் கேட்பார். ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்பது திருவொற்றியூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

என் அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1992-ல் போனஸ் பணத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, இளையராஜா பாட்டை மெதுவாக வைத்துக்கொண்டுதான் தூங்குவார். நான் வேலைக்குப் போனதும் ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினேன். பழைய பெட்டிகளைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டிப் பரண்மேல் போட்டேன். "பத்திரமா இருக்கும்ப்பா" என்று வேறு சொன்னேன். மூன்று வருஷம் கழித்து இறக்கினால், கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரல் பட்டதுமே உதிர்ந்தது. ஒரு பெட்டியில் கோன் அசையவே இல்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ரிச்சி தெருவில் ஒரு பெரியவர் அதைப் பிரித்துக் காட்டினார். "நீங்க இன்ஜினியரா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார், அதற்குமேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த வளையம் பாலியூரித்தேன் நுரை. ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். ரப்பர் வளையமாக இருந்தால் இன்னும் பல வருஷம் வரும். ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது. அதை ஒட்டியிருக்கும் இரும்புத் தட்டுகள் பிடிக்கும். வாய்ஸ் காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் கிடையாது. அங்கே துரு உப்பினால் காயில் சிக்கிக்கொள்ளும். காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் கட்டிய பை அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தது!

டொராண்டோவில் இருக்கும் நம் பேட்ச் நண்பனுக்கு வேறு பிரச்சினை. கராஜில் கிடந்த ஸ்பீக்கரை ஜனவரியில் எடுத்துப் போட்டான். "பேஸே வரலடா" என்று போன். குளிரில் ரப்பரும் ஸ்பைடரும் விறைத்துப்போகும். வீட்டுக்குள் கொண்டுவந்து, உறையைப் பிரிக்காமலே சில மணி நேரம் வைத்து, பிறகு மெதுவாகப் பாட விடச் சொன்னேன். உடனே பிரித்தால் சில்லென்ற இரும்பில் நீர் கோத்துக்கொள்ளும். நமக்கு ஏது அந்தக் குளிர் என்கிறீர்களா? இரவெல்லாம் ஏசி போட்ட அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். ஏசியை நிறுத்திய கையோடு கடல் பக்க ஜன்னலைத் திறக்காதீர்கள்.

மற்றபடி பெரிய வித்தையில்லை. வாரம் ஒரு நாளாவது பாட விடுங்கள். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். காகிதக் கோனில் ஈரத்துணி படவே கூடாது, மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். கட்டி வைத்தே ஆகவேண்டுமென்றால் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு, அவ்வப்போது அதை மாற்றுங்கள். மாணவர்கள் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டினால் பயப்பட வேண்டாம், அது சரிதான்.

பெரியவர் ஒன்றுக்கு நுரை வளையமும், சிக்கிக்கொண்டதற்குக் கோனும் காயிலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அப்பா கேட்டுவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் புதுசா கேக்குதுடா" என்றார். உண்மைதான், கோன் மாற்றியது அந்தப் பக்கம்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நான் டிவியைத் தூக்க ஓடினேன். அப்பா அதற்குள் ஸ்பீக்கர் இரண்டையும் கட்டில்மேல் ஏற்றியிருந்தார். "இன்னும் மேல வெச்சிரலாமாப்பா?" என்றேன்.

"பரண் மட்டும் வேணாம்டா" என்றார்.