மூடிய கோப்புகளும் மருத்துவரின் பொறுப்பும்



மருத்துவர்கள் கூடுகிற இடங்களில் இன்று தவறாமல் வருகிற பேச்சு இன்டெம்னிட்டி பாலிசி, அதாவது சிகிச்சைத் தவறு என்று வழக்கு வந்தால் இழப்பீட்டை ஏற்கும் காப்பீடு. எத்தனை லட்சத்துக்கு எடுப்பது, எந்த நிறுவனம் வழக்கறிஞர் செலவையும் ஏற்கிறது, பிரீமியம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் பிரீமியத்தை எது நிலையாகக் குறைக்கும் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தின் ஒரு துறை அதற்கு விடை கண்டிருக்கிறது. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவருக்குப் பொருந்துமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. நோயறிவதும் சிகிச்சை தருவதும் அச்சட்டம் சொல்லும் சேவை ஆகாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தருகிற இடத்துக்குத்தான் விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கினால், அங்கே இலவசமாக வந்தவரும் நுகர்வோரே. குற்ற வழக்கு வேறு. மிக மோசமான கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளியாக்கக் கூடாது, வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெறாமல் நடவடிக்கை கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைந்தால் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சை அளித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை.

பாலிசியை வாசிக்காமல் கையெழுத்திடும் இளைய மருத்துவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பெரும்பாலும் கோரிக்கை எழும் நாளைப் பார்க்கிற பாலிசி. அறுவை சிகிச்சை நடந்த அன்று பாலிசி இருந்தது என்பது போதாது; நோட்டீஸ் வருகிற அன்றும் அது நடப்பில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் பிரீமியத்தை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் மூத்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி ஒரு வழக்கு. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் ரத்த நாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. ஆக்சிஜனும் சேரும்போது அவை தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். முதல் சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், பார்வையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. அது தேவை என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவும் இல்லை. தகப்பனார் தாமே அலைந்து தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வயது 18. இழப்பீட்டின் பெரிய தொகைதான் செய்தியானது. எனக்குக் கவலை தருவது வேறு: ஒரு பரிசோதனை விட்டுப்போனதைச் சொல்லும் அந்தத் தீர்ப்பை எத்தனை பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எடுத்து வாசித்திருப்பார்கள்?

இனி பிரீமியத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975இல் அது திடீரென்று எகிறியது. மயக்க மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நின்றன. அந்த ஆண்டே மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு 2,50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றது அச்சட்டம். விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் 2022 முடியும்வரை அந்த உச்சவரம்பு ஒரு டாலர்கூட உயரவில்லை. சம்பாத்தியமில்லாத குழந்தையும் முதியவரும் வருமான இழப்பைக் காட்ட முடியாது. ஆகவே அந்தச் சட்டத்தின் பாரம் அவர்கள்மேல்தான் அதிகம் விழுந்தது. இதை நான் நல்ல வழியாகக் கருதவில்லை.

நல்ல வழியை அடுத்த பத்தாண்டில் மயக்க மருத்துவர்களே கண்டார்கள். 1980களின் நடுவில் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம், வழக்கு முடிந்து காப்பீட்டு நிறுவனங்கள் மூடிவைத்த கோப்புகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கியது. 1990இல் வெளியான ஆய்வில் 1,541 கோப்புகள். மூன்றில் ஒன்று மூச்சு தொடர்பானது. அவற்றில் சிலவற்றில் மூச்சுக்குழாயில் போக வேண்டிய டியூப் உணவுக்குழாயில் போயிருக்கிறது. நோயாளி நீலம் பாரிக்கும்வரை அது தெரியாமல் போனதும் உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபும் இருந்திருந்தால் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்று கோப்பைப் படித்தவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு வெளியாகும் முன்பே, 1986இல், சங்கத்தின் கண்காணிப்பு விதிகள் வந்திருந்தன. இரண்டு கருவிகளும் படிப்படியாக அறுவை அரங்கின் வழக்கமாயின. மரணமும் மூளைச் சேதமும் குறைந்தன. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், மயக்க மருத்துவர்கள் 2005இல் கட்டிய பிரீமியம் 1980களின் நடுவில் கட்டியதைவிட மிகக் குறைவு. நோயாளியின் உரிமையைச் சுருக்காமலே அவர்களின் செலவு இறங்கியது.

நம் நாட்டில் இதைச் செய்ய என்ன தடை? நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகள் பொதுவில் இருக்கின்றன. சமரசமாக முடிந்தவை காப்பீட்டு நிறுவனங்களின் அலமாரியில் இருக்கின்றன. பெயர்களை நீக்கி அவற்றை அந்தந்தத் துறைச் சங்கங்களுக்குக் கொடுக்கும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களைப் பணிக்கலாம். மகப்பேறு, மயக்க மருந்து, பச்சிளங்குழந்தை மருத்துவம் ஆகிய மூன்றில் தொடங்கினால் போதும்.

கூடவே ஒரு விதியையும் மாற்றச் சொல்லி மருத்துவச் சங்கங்கள் நிறுவனங்களிடம் போராட வேண்டும். காப்பீட்டாளரின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. அதற்குப் பயந்து, இறந்தவரின் குடும்பத்தார் வாசலில் காத்திருக்க, மருத்துவர் பின்வாசல் வழியே போய்விடுகிறார். அடிதடியும் வழக்கும் பல நேரம் அந்த மௌனத்தில்தான் தொடங்குகின்றன. உள்ளே என்ன நடந்தது என்று குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, அதனால் பாலிசி செல்லாமல் போகாது என்று ஒவ்வொரு பாலிசியிலும் ஒரு வரி அச்சாக வேண்டும். வரும் ஆண்டுப் புதுப்பித்தலின்போதே அதைக் கேளுங்கள்.