எழுத்தை அறியும் மூளை

பேச்சு மனிதனுக்கு இயல்பாய் வருவது. பேசுவோர் நடுவே வளரும் குழந்தை, எவரும் பாடம் நடத்தாமலே பேசக் கற்றுக்கொள்கிறது. எழுத்தோ அவ்வாறன்று. அது தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கெனப் புதியதொரு பகுதி மூளையில் உருவாவதற்கு அக்காலம் போதாது. அங்ஙனமாயின் நாம் எதனைக் கொண்டு வாசிக்கிறோம்?

இவ்வினாவிற்கு விடை காண வழிதிறந்தவர் பிரான்சிய நரம்பியல் வைத்தியர் ஜூல் டெஜெரின். 1887ஆம் ஆண்டிலே, முதிய வணிகர் ஒருவர் திடீரென வாசிக்கும் ஆற்றலை இழந்து அவரிடம் வந்தார். அவர் தெளிவாகப் பேசினார், எதிரே உள்ள பொருள்களை இனங்கண்டார், எண்களை அறிந்தார், பிறர் சொல்லச் சொல்ல எழுதவும் செய்தார். ஆயினும் தாம் எழுதியதையே அவரால் வாசிக்க இயலவில்லை. எழுத்தின் வடிவை விரலால் வரைந்து பார்த்தால் மட்டும் அது இன்ன எழுத்து எனக் கூறினார். 1892இல் அவர் இறந்தபின், மூளையின் இடப்பாதியின் பின்புறத்திலே சிதைவு இருந்ததை டெஜெரின் கண்டார்.

உயிருள்ள மூளையின் தொழிற்பாட்டைப் படம்பிடிக்கும் கருவிகள் பிற்காலத்தில் வந்தன. அவற்றின் துணையால், எழுத்துருவை அறியும் இடம் இடப்பாதியின் பின்புற அடிப்பகுதியில் உள்ளதென ஆய்வாளர் வரையறுத்தனர். அவ்விடம் பொருள்களையும் முகங்களையும் இனங்காணும் பகுதிகளைச் சார்ந்தது. பழைய வீட்டின் ஓர் அறையைத் திருத்திப் பள்ளிக்கூடமாக்குவதுபோல, கல்வி அவ்விடத்தை எழுத்துக்குப் பழக்குகிறது.

இதில் நமக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றுண்டு. ஸ்தனிஸ்லாஸ் டெஹானும் அவர்தம் குழுவினரும், பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் வாழ்ந்த 63 பேரை ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் எழுத்தறியாதோர், இளமையிற் கற்றோர், வளர்ந்தபின் கற்றோர் என மூவகையினரும் இருந்தனர். வளர்ந்தபின் கற்றோரின் மூளையிலும் அவ்விடம் எழுத்துக்கு இசைந்திருந்தது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் பழமொழி. வாசிப்பைப் பொறுத்தமட்டில், வளையும் என்பதே ஆய்வு தரும் விடை. பயிற்சி மிகுதியாக வேண்டும். வேகம் மெல்லவே வரும். ஆனால் வாயில் அடைபடுவதில்லை.

ஆதலால் நேயர்களே, பெருவிரல் அடையாளம் இடும் முதியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருப்பின், 'இனி எதற்கு?' என்று சொல்லி விலகாதீர்கள். நாளுக்குச் சிறிது நேரம் அவரருகே அமர்ந்து, எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லுங்கள். அவர் மூளை அதனை ஏற்றுக்கொள்ளும்.