ஐம்பது ஆண்டு கழித்து விளையும் பயன்

(திட்ட மதிப்பீடு குறித்த அலுவலர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற நான் ஒரு நச்சுயிரியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால், வருங்காலப் பயனை இன்றைய மதிப்பில் கணக்கிடும் நமது முறையை எச்.டி.எல்.வி.-1 என்னும் நச்சுயிரி கடுமையாகச் சோதிக்கிறது.

1977-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் தகாட்சுகி கியோஷியும் அவருடைய சகாக்களும் வயது வந்தோரைத் தாக்கும் தனிவகை இரத்தப் புற்றுநோய் ஒன்றை விவரித்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் தென்மேற்கிலுள்ள கியூஷூ தீவில் பிறந்தவர்கள். இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி-அணுக்களைப் பற்றும் இந்நச்சுயிரியை 1980-இல் அமெரிக்காவில் இராபர்ட் காலோவின் ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். அதுவே அப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. தண்டுவடத்தைத் தாக்கிக் கால்களை முடக்கும் நோய் ஒன்றையும் இது விளைவிக்கிறது.

தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் ஆகிய வழிகளில் இது பரவுகிறது. தொற்றுற்றோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கே இரத்தப் புற்றுநோய் தோன்றுகிறது. ஆனால், அதன் தீவிர வகை தாக்கினால் பலர் ஓராண்டுக்குள் மாள்கின்றனர். தாய்ப்பால் வழியே தொற்றுற்ற குழந்தைக்கு நோய் வெளிப்படுவது பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதிற்குப் பின்னரே.

1987-இல் நாகசாகி மாவட்டம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருவுற்ற பெண்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. தொற்றுள்ள தாய்மார் விரும்பினால் புட்டிப்பாலுக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். நீண்டகாலம் தாய்ப்பால் உண்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பேருக்குத் தொற்றியது. புட்டிப்பால் உண்டோரில் இரண்டு, மூன்று பேருக்கே தொற்றியது.

இனி நம் கணக்கிற்கு வருவோம். ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய்ப் பயனின் இன்றைய மதிப்பு, பத்து சதவீதக் கழிவு வீதத்தில் 85 காசு மட்டுமே. மூன்று சதவீதத்தில் அதுவே ஏறத்தாழ 23 ரூபாய். ஒரு முதியவரின் உயிரைக் காப்பது பயனுள்ளதா என்பதை மருத்துவர் அல்ல, நாம் தேர்ந்தெடுக்கும் வீதமே தீர்மானித்துவிடுகிறது!

1990-களின் தொடக்கத்தில், நாடு தழுவிய சோதனை தேவையில்லை என்ற முடிவுக்கு ஜப்பானிய வல்லுநர் குழு வந்தது. தொற்று தானாகவே குறைந்துவிடும் என்றும், அது குறிப்பிட்ட பகுதிகளின் சிக்கலே என்றும் கருதப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தொற்றுற்றோர் 12 இலட்சத்திலிருந்து சுமார் 11 இலட்சமாகவே குறைந்திருந்தனர். மக்கள் இடம்பெயர்ந்ததால் தோக்கியோ போன்ற பெருநகர்ப் பகுதிகளில் எண்ணிக்கை கூடியிருந்தது. 2010-இல் மைய அரசு தன் முடிவை மாற்றி, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சோதனையை விரிவாக்கியது. இடையில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த இருபது ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது.

நாகசாகியின் வழியை எங்கும் அப்படியே பின்பற்றலாம் என்று நான் கூறவில்லை. தூய குடிநீர் இல்லாத வீட்டில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொணரும். ஐம்பது ஆண்டு கழித்து வரக்கூடிய நோயைத் தவிர்க்கப்போய், குழந்தையை ஐந்து மாதத்தில் இழக்க நேரிடும். எனவே குடிநீர்த் திட்டமும் தாய்சேய் நலத் திட்டமும் தனித்தனிக் கோப்புகள் ஆகா.

நம் நாட்டில் தான இரத்தத்திற்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள சோதனைகளில் இந்நச்சுயிரிக்கானது இடம்பெறவில்லை. தொற்று அரிதாக உள்ள நாட்டில் அதனைச் சேர்ப்பதா என்பது செலவையும் பயனையும் சீர்தூக்கி முடிவு செய்யவேண்டிய வினா. ஆனால் அரிது என்று கூறுவதற்கும் கணக்கெடுப்பு வேண்டும். தேடாத இடத்தில் காணப்படாமை, இல்லாமைக்குச் சான்று ஆகாது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் முன்னோர் மொழி. கழிவு வீதத்தை அவர்கள் நன்கறிந்தே இருந்தனர். ஆயினும் பனை வைத்தனர். உங்கள் மேசைக்கு வரும் திட்டங்களில் சில பனைக்கன்றுகளாக இருக்கும். அவற்றை ஒதுக்குமுன், எந்த வீதத்தில் கணக்கிட்டோம், யாருக்காக அதைத் தேர்ந்தோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.