புள்ளிவிபரமும் ஒரு சாட்சியே!

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

பொருளாதாரச் செய்திகளையும் அவற்றுக்குக் கூறப்படும் விளக்கங்களையும் நாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வெங்காய விலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். தன் அடுப்பை அணைத்தது எது என்று அறியாத மக்கள் தம் உரிமையை மட்டும் காத்துக்கொள்வர் என்று நம்புவது பேதைமையாகும்.

கையொப்பமில்லாத கட்டளை

1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அந்த ஆண்டு முடியுமுன்னரே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். விலையை உயர்த்தியவர் யார் என்பது அன்று பாமரனுக்கும் தெரிந்திருந்தது. கட்டளை இருந்தது, அதன் கீழே கையொப்பமும் இருந்தது.

2019க்கும் 2022க்கும் இடையில் நிகழ்ந்தது வேறு. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்ததென்று மகிழாதவர் யார்? ஆனால் அரசாங்கத்தின் செலவு குறையவில்லை. வருமானத்துக்கும் செலவுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி புதுப் பணத்தை ஆக்கிக் கொடுத்தது. அதே வேளையில் டொலரின் விலை 200 ரூபாய் அளவிலே பிடித்து வைக்கப்பட்டது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணி ஒதுக்கம் கரைந்தது. 2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. இரண்டு மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் வைத்திருந்தார் என்று கொள்வோம். மார்ச் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 500 டொலர். மே மாதத்தில் 280 டொலருக்கும் குறைவு. எந்தக் கள்ளனும் அவர் கதவை உடைக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும் சேமிப்பின் பெறுமதியில் பாதியளவு போய்விட்டது. இந்த இழப்புக்கு 1953இல் இருந்ததுபோல ஒரு கட்டளையைக் காட்ட முடியாது. அது வரிக்குறைப்பு, வட்டிவீதம், நாணயமாற்று என்ற பெயர்களில், நாம் படியாது புரட்டிய பக்கங்களின் வழியே வந்தது. படிக்கப்படாத பக்கத்தில்தான் இன்றைய கட்டளைகள் எழுதப்படுகின்றன.

மூன்று குறுக்குக் கேள்விகள்

நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை அப்படியே ஏற்பதும் தவறு; கேளாமலே தள்ளுவதும் தவறு. குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். புள்ளிவிபரமும் ஒரு சாட்சியே. அதனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: நீ உண்மையில் எதைச் சொல்கிறாய்? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். ‘பணவீக்கம் வீழ்ந்தது’ என்று தலைப்பிட்டார்கள். அது பொய்யன்று. ஆனால் விலை வீழ்ந்தது என்பது அதன் பொருளுமன்று. 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கள் 2022இல் சுமார் 170 ரூபாயாயின. 2023இல் 172 ரூபாயாயின. ஏறுகின்ற வேகம் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. சம்பளமும் அதே அளவு ஏறியதா என்பதே உத்தியோகத்தர் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது: நீ யாருடைய வீட்டைப் பற்றிச் சொல்கிறாய்? கொழும்பின் நகர்ப்புறக் குடும்பம் வாங்கும் பொருட்களை வைத்தே அந்தச் சுட்டி கணிக்கப்படுகிறது. எல்லா மாகாணங்களையும் தழுவிய தேசிய விலைச்சுட்டி வேறாக உண்டு; அதையும் பாருங்கள். அப்போதும் கமக்காரனின் கணக்கு முழுமையாக வந்துவிடாது. அவன் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்குகிறான். வெங்காயமும் மிளகாயும் விற்கிறான். ‘உணவு விலை குறைந்தது’ என்ற செய்தி வாங்குவோனுக்கு நற்செய்தி. அறுவடை மாதத்தில் அது விற்போனுக்கு இடி. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. 1977இல் கதவு திறக்கப்பட்டது. நுகர்வோருக்கு நன்மை என்றனர். நன்மை இருந்ததும் உண்மை. அதற்கான விலையைத் தோட்டத்தில் நின்றவன் கொடுத்தான் என்பதும் உண்மை. ஆகவே இறக்குமதி வரி கூடியது, குறைந்தது என்ற செய்தியைக் கண்டால், அது எந்த மாதத்தில் வந்தது என்று பாருங்கள்.

மூன்றாவது: சுமையை யார் சுமக்கிறார்? 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சுகாதாரம் என்றனர், அந்நியச் செலாவணி மிச்சம் என்றனர். நவம்பரில் தடையை நீக்கினர். அதற்கிடையில் காலபோகத்துப் பயிர் பசளையின்றி நின்றது, விளைச்சல் வீழ்ந்தது, மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன டொலரைக் கொண்டே அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடன் முழுமையாகச் செலுத்தப்பட்டது. அதைச் செலுத்தாது கடன் மறுசீரமைப்புக்குப் பேசுங்கள் என்று பொருளியலாளர் பலர் முன்னரே எழுதியிருந்தனர், கேட்பாரில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, திறைசேரி முறிகளை மாற்றும் சுமை ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின்மேல் வைக்கப்பட்டது. வங்கிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. வங்கிகள் ஆட்டம் காணக்கூடாது என்ற வாதத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளியின் வாழ்நாட் சேமிப்பு அசைக்கப்பட்டபோது அந்தத் தொழிலாளியிடம் எவரும் கேட்கவில்லை.

இந்த மூன்று கேள்விகளையும் அரசாங்கத்தின் பேச்சாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. எதிர்க்கட்சியின் கட்டுரைக்கும், நமது பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்துக்கும், இதோ இந்த மேடையில் நான் சொன்னவற்றுக்கும் அதே விசாரணை உரியது.

தீர்ப்பு வந்தது, இழப்பு மீளவில்லை

2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களுள் நால்வர், பொருளாதாரத்தைத் தவறாக நிருவகித்ததன்மூலம் முன்னாட் சனாதிபதியும் முன்னாள் நிதியமைச்சர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் வேறு சிலரும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்த்தனர். கணக்கைப் படித்து வழக்காடிய பிரசைகளின் வெற்றி அது. சட்டம் படித்தவன் என்ற வகையில் அதைப் போற்றுகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு எந்தக் கமக்காரனின் பறிபோன போகத்தையும் மீட்டுத் தரவில்லை. நீதிமன்றம் நடந்து முடிந்ததைப் பற்றியே தீர்ப்புக் கூறும். வருமுன் காப்பது மக்களின் வேலை.

அதற்குக் கருவிகள் இல்லாமலில்லை. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தின்படி, பணவீக்கம் குறித்த இலக்கைவிட்டுத் தொடர்ந்து விலகினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணங்கூற வேண்டும்; அந்த அறிக்கை பொதுமக்களுக்கும் உரியது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போவோரைத்தான் காணவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நமது ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. வாசிகசாலை மேசைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒருநாள் மாலை அங்கே கூடுங்கள். கணக்குத் தெரிந்த ஆசிரியரோ எழுதுவினைஞரோ அந்த மாதத்து விலைச்சுட்டியை வாசித்து விளக்கட்டும். கமக்காரர் தாம் கொடுத்த பசளை விலை, டீசல் விலை, விதை விலை, தமக்குக் கிடைத்த விற்பனை விலை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். ஓராண்டு கழிந்ததும் அந்தக் கொப்பியோடு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலுக்குச் செல்லுங்கள். வெறுங்கையோடு வரும் முறைப்பாட்டுக்குப் புன்னகை செய்து அனுப்பலாம். கணக்கோடு வரும் கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

வாக்குரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். விலைவாசி நாள்தோறும் வரும். நாள்தோறும் நம்மை ஆள்வதை நாள்தோறும் விசாரிப்போமாக!