பராமரிப்புச் சந்தையும் தீட்டு வேலையும்



என் அம்மா மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். நோயாளிகளின் மலம் அள்ளினார், குளிப்பாட்டினார். குணமாகிப் போனவர்களைப் பார்க்கப் போனால் அவருக்குத் தனி டம்ளர். எங்கள் உடம்பைத் தொடு, டம்ளரைத் தொடாதே என்பது அதன் பொருள். அந்த வேலை இன்று உலகச் சந்தையில் ஏறியிருக்கிறது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை தனியார் கையில். சதர்ன் கிராஸ் என்ற நிறுவனத்தை 2004-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் வாங்கியது. கட்டடங்கள் தனியே விற்கப்பட்டு, அதே கட்டடங்களில் வாடகைக்கு இல்லங்கள் நடந்தன. 2006-இல் பங்குச்சந்தை. பிறகு பிளாக்ஸ்டோன் தன் பங்கை விற்று வெளியேறியது. வாடகை ஏறியது, உள்ளாட்சிகள் தந்த தொகை ஈடுகொடுக்கவில்லை. 2011-இல் நிறுவனம் சரிந்தபோது சுமார் 31,000 பேரின் இருப்பிடம் கேள்விக்குள்ளானது.

மூலதனம் எல்லை தாண்டி வந்தது, போனது. உழைப்பாளிக்கு அந்தச் சுதந்திரம் உண்டா? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், ஆள் பற்றாக்குறையால் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தார்கள். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்து போனார்கள். விசாவோ முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளியின் உரிமம் பறிபோனால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். 2024 மார்ச்சில், புதிதாக வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே நிறுத்தம்.

ஆள் பற்றாக்குறை, மாறும் விசாச் சட்டம், கடன் சுமை என்று நிறுவனங்கள் தங்கள் சவால்களைப் பட்டியலிடுகின்றன. பொய்யில்லை. ஆனால் இவற்றுக்கு அடியில் கிடப்பது கூலி. இந்த வேலைக்கு உரிய கூலி தந்தால் லாபக் கணக்கு உதைக்கும். அதனால் மலிவான கையைத் தேடி எல்லை கடக்கிறார்கள். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனாலும் கழிவைத் தொடும் வேலையை இழிவாக்கி, மறுக்க முடியாதவர் தலையில் கட்டும் முறை நமக்குப் புதிதல்ல. அங்கே கடவுச்சீட்டு அதைச் செய்கிறது.

நம் வீட்டுக் கணக்கும் நிலுவையில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

எனவே இரண்டு கோரிக்கைகள். விசா முதலாளியோடு அல்ல, தொழிலோடு இணைக்கப்பட வேண்டும். இங்கே 189 ஏற்கப்பட வேண்டும். மாணவர்களே, ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். மலம் அள்ளுபவர் யார், அவர் கூலி என்ன, எந்த டம்ளரில் குடிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

ஜெய்பீம்.