மொட்டைமாடியும் பத்துக் கட்டங்களும்



ஆற்றல் அமைப்புகளை எண்ணியல் முறையில் மாதிரியாக்குவதைப் பொறியியல் மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது என்பதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம். என் வாதம் ஒன்றே. சிமுலேஷன் மென்பொருளைத் திறக்கும் முன், மாணவர் சின்ன மாதிரி ஒன்றைத் தாமே எழுதி, அது உடைவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் காயும் மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். 10 செ.மீ. கனமுள்ள காங்கிரீட் தளத்தை 1 செ.மீ. அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கின் அடுத்த வெப்பநிலையை அதன் இப்போதைய வெப்பநிலையையும் மேல், கீழ் அடுக்குகளையும் வைத்து நேரடியாகக் கணக்கிடுகிறோம். விரிதாளில் பத்துக் கட்டங்கள் போதும். காங்கிரீட்டில் வெப்பம் பரவும் திறனை நொடிக்கு 0.5 சதுர மி.மீ. என்று கொண்டால், காலப்படி 100 நொடியைத் தாண்டக் கூடாது. 120 என்று போட்டுப் பாருங்கள்: ஓர் அடுக்கு கொதிக்கும், பக்கத்து அடுக்கு உறையும், அடுத்த படியில் இரண்டும் இடம் மாறும், இந்த ஊசலாட்டம் படிக்குப் படி ஏறத்தாழ 1.4 மடங்காகப் பெருகும். சற்று நேரத்தில் மொட்டைமாடி சூரியனையே மிஞ்சிவிடும். துல்லியம் போதவில்லை போலும் என்று மாணவர் அடுக்கை 5 மி.மீ. ஆக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். இடைவெளி பாதியானால் காலப்படி கால்வாசியாக, அதாவது 25 நொடியாகக் குறைய வேண்டும். காலப்படியும் இடைவெளியும் நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடியவை அல்ல என்பதை அலைச் சமன்பாட்டை வைத்து கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இலேயே காட்டிவிட்டார்கள். அப்போது மின்னணுக் கணிப்பொறியே பிறக்கவில்லை.

இன்றைய மென்பொருள்கள் உள்ளார்ந்த (implicit) முறையில், அதாவது எல்லா அடுக்குகளின் அடுத்த வெப்பநிலையையும் ஒருசேரத் தீர்த்துக் கணக்கிடுகின்றன, அவை இப்படி வெடிப்பதில்லை என்று மறுக்கலாம். உண்மைதான், என் கவலையும் அதுவே. வெடிக்கும் மாதிரி தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்கிறது. உள்ளார்ந்த முறையோ, காலப்படியை ஒரு மணி நேரமாக வைத்தாலும் அலுங்காமல் ஓர் அழகிய வண்ணப்படத்தைத் தந்துவிடும். இடையில் மேகம் கடந்ததும் மேற்பரப்பு குளிர்ந்து மீண்டதும் அதில் இருக்காது. நிலைத்தன்மை வேறு, சரியாக இருப்பது வேறு. இந்த வேறுபாடு சொல்லிப் புரிவதைவிடப் பட்டுப் புரிவது.

சமன்பாடு சரியாகவே இருந்தாலும், உள்ளே இடும் தரவு ஏமாற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற ஓரிடத்தில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் கணக்கில் வருவது 216. அதே சராசரி, பாதி நேரம் 3, பாதி நேரம் 9 என்று வீசிக் கிடைத்ததானால் மும்மடிகளின் சராசரி 378. முக்கால் பங்கு கூடுதல்! சராசரியை மட்டும் ஊட்டப்பட்ட மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. அதன் கணக்கில் தவறே இல்லையே.

பாடத்திட்டத்தில் நேரம் எங்கே, வேலை தருவோர் கேட்பது மென்பொருள் பயிற்சியைத்தானே என்பது அடுத்த மறுப்பு. நான் சொன்ன இரண்டு பயிற்சிகளும் ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்புக்குள் அடங்கும். முழு அனல்மின் நிலையத்தைக் கையால் கணக்கிட முடியாது. அதற்கு மென்பொருள் வேண்டும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் டென்மார்க்கின் ரிஸோ ஆய்வகத்தில் யென்சன் 1983-இல் முன்வைத்த காற்றாலை நிழல் மாதிரியைப் பாருங்கள். ஆலைக்குப் பின்னால் வேகம் குறைந்த காற்று நேர்கோட்டில் விரிகிறது என்ற ஒரே அனுமானம், ஒரு பக்கக் கணக்கு. காற்றாலைப் பண்ணைகளைத் திட்டமிடும் மென்பொருள்களுக்குள் அது இன்றும் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்த ஒரு பக்கம் தெரிந்திருந்தால், மேடுபள்ளமான நிலத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கத் தோன்றும்.

ஆகவே, கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் இந்த அவை ஒரே கேள்வியைக் கேட்க வேண்டுகிறேன்: உங்கள் மாதிரிக்குள் போன ஆற்றலும், வெளியே வந்ததும் உள்ளே தங்கியதும் சேர்ந்த தொகையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, முதல் கட்டுரையாளர் தொடங்கலாம்.